நர்ஸ்களையும் சேர்த்து முடிவெடுத்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

இரவு ஷிப்ட்: எங்கள் வார்டில் டியூட்டி அட்டவணையிலிருந்து புது இன்ஃப்யூஷன் பம்ப் (நரம்பு வழியாக மருந்தை அளவாக ஏற்றும் கருவி) வரைக்கும் எல்லாம் மேலேயே முடிவாகி வருகிறது, கேட்டால் 'சர்குலர் வந்தாச்சு' என்பார்கள். இப்போது எங்களையும் சேர்த்து கமிட்டி போடப் போகிறார்களாம். பலன் இருக்குமா, இல்லை இன்னொரு மீட்டிங்கா?

பழைய சிஸ்டர்: கமிட்டிக்கு எதில் அதிகாரம் என்று முதலில் எழுதி வாங்குங்கள். நாங்கள் இருந்த கமிட்டியில் டீ கிடைத்தது, மினிட்ஸ் எழுதினோம், முடிவு மட்டும் பழையபடி மேலேதான். ஒரு வருடத்தில் யாருமே போகவில்லை.

வார்டு இன்சார்ஜ்: முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1983ல் அமெரிக்காவில் நர்ஸ்கள் விட்டுப் போகாத மருத்துவமனைகளைத் தேடி 163 இடங்களை ஆராய்ந்து 41ஐத் தேர்ந்தெடுத்தார்கள், நர்ஸ்களைக் காந்தம் மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும் மருத்துவமனைக்கு 'மேக்னட்' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. நர்ஸ்களின் பேச்சுக்கு முடிவுகளில் இடம் இருந்தது அவற்றின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. எங்கள் வார்டில் அட்டவணையை மட்டும் அவர்களிடமே விட்டேன். முதல் மாதம் ஒரே சண்டை, அப்புறம் அவர்களே பேசி மாற்றிக்கொள்கிறார்கள், கடைசி நேர லீவும் குறைந்தது. ஆனால் மீட்டிங் நேரத்தை டியூட்டியாகக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்கு மாற்று ஆள் போட வேண்டும். நைட் முடித்தவரை உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்வார்.

இரவு ஷிப்ட்: சரி, அட்டவணையையே முதலில் கேட்கிறேன். ஆள் பற்றாக்குறையை என்ன செய்வது?

பழைய சிஸ்டர்: அதைக் கமிட்டி தலையில் கட்டவே விடாதீர்கள்.