வெப்பேந்தி, போக்குக் குழாய், வரத்துக் குழாய்: கூலண்ட் சொற்கள் பற்றி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வண்டி என்ஜின் சூடேறாமல் இருக்க அதனுள் சுற்றி ஓடும் நீர்மம்தான் கூலண்ட். அதற்குத் தமிழில் குளிர்வி, குளிர்மம், குளிரூட்டி என்று இதுவரை நம் குழுவில் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம், கிருஷ்ணகிரியில் எங்கள் பட்டறையில் நிற்கும் ஒரு பேருந்து.

பழைய 12 மீட்டர் சொகுசுப் பேருந்து அது. என்ஜின் பின்பக்கம். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்படி எல்லாம் வைத்து வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். லடாக் வரை போக வேண்டும் என்று வண்டிக்காரருக்கு ஆசை, அதனால் ஹீட்டர் கட்டாயம் ஓடியாக வேண்டும். என்ஜினில் சூடான கூலண்ட் தரைக்கடியில் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போய், ஹீட்டரில் சூட்டை இறக்கிவிட்டு, இன்னொரு குழாயில் பின்னால் திரும்புகிறது. கிளாம்பு பிடித்திருந்த இடங்களில் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஒழுகியதால் இரண்டையுமே முழுதாக மாற்றினோம். அந்த வேலையை அடுத்து வரும் பையன்களுக்காகத் தமிழில் எழுதி வைக்க உட்கார்ந்தபோதுதான் சொற்கள் இடித்தன.

குளிரூட்டி என்றால் நம் ஊரில் ஏசி. அது கழிந்தது. குளிர்வி என்று வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘குளிர்வி ஓடும் குழாயைத் தொடாதே, கை வெந்துவிடும்.’ படிக்கிற பையன் ஒரு நொடி நின்று யோசிப்பான். ரேடியேட்டர் பக்கம் அது என்ஜினைக் குளிர்விக்கிறது, சரி. ஹீட்டர் பக்கம் அதே நீர்மம் ஆளைச் சூடேற்றுகிறதே? குளிர்மத்துக்கும் இதே சிக்கல்தான். இரண்டு இடத்திலும் அது செய்கிற வேலை ஒன்றுதான்: ஓரிடத்தில் வெப்பத்தை ஏந்திக்கொண்டு போய் இன்னோரிடத்தில் இறக்குவது. அதனால் வெப்பேந்தி என்று வைக்கலாம் என்கிறேன். வெப்பக் கடத்தியோடு குழம்பாது. கடத்தி நின்ற இடத்திலிருந்து கடத்தும். இது தானே ஓடிப்போய்ச் சுமக்கும். சூடேந்தியும் மனதில் வந்தது, ஆனால் பட்டறை இரைச்சலில் அது சூடேற்றி என்று காதில் விழும்.

நிறத்தை வைத்து ‘பச்சைநீர்’ என்று எளிமையாக வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பட்டறைகளில் ‘பச்சைத் தண்ணி’ என்று சொல்வது உண்மைதான். ஆனாலும் நீர் என்ற சொல்லே இதில் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 25 மில்லிமீட்டர் குழாய், போகவும் வரவும் 24 மீட்டர் என்றால் குழாய்க்குள் மட்டும் சுமார் 12 லிட்டர் நிற்கும். குழாயை மாற்றிய பின் அவ்வளவையும் திரும்ப நிரப்ப வேண்டும். நீர் என்று பெயர் வைத்துவிட்டால் கை தானாகப் போர்வெல் குழாய்க்குப் போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஃபுளூரைடு மிகுந்ததால்தான் குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். உப்பும் அதிகம். சுடுதண்ணீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ஹீட்டரின் மெல்லிய குழல்களுக்குள் படிந்தால் அப்புறம் ஹீட்டரையே மாற்ற வேண்டியதுதான். காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்தால்தான் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் தாங்கும். அதோடு கிளைக்கால் இனிக்கும், கொடிய நஞ்சு. மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. குழந்தையோ நாயோ வாய் வைத்தால் உயிர் போகும். தண்ணி என்று அதை யாரும் கூப்பிடவே கூடாது.

அடுத்தது இரண்டு குழாய்களின் பெயர். இதில்தான் எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. நான் பின்னால் என்ஜின் பக்கம், தம்பி முன்னால் ஹீட்டர் பக்கம். என்ஜினிலிருந்து வெளியே வரும் குழாயில் இரண்டு முனையிலும் ‘அவுட்’ என்று சாக்பீஸில் எழுதி, துணைப் பம்பை அதில் மாட்டச் சொன்னேன். அவனுக்கு அவுட் என்றால் ஹீட்டரை விட்டு வெளியே போவது. பம்பின் அம்புக்குறியை அந்தப் பக்கமே திருப்பி மாட்டிவிட்டான். என்ஜின் பம்பு முன்னால் தள்ள, துணைப் பம்பு பின்னால் தள்ள, ஹீட்டர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து மதியம் வரை காற்றெடுத்துக்கொண்டிருந்தோம். அவன் மேல் தப்பே இல்லை.

இதற்கான சொல் நம் ஏரிகளில் இருக்கிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். ஏரியை விட்டு வெளியேறுவது போக்குக் கால்வாய். ஏரியில் நின்று பார்த்து வைத்த பெயர்கள் இவை. ஒரு ஏரியின் போக்கு அடுத்த ஏரிக்கு வரத்தாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதே சிக்கல்தான் என் தம்பிக்கும் வந்தது. அதனால் வண்டியைப் பொறுத்தவரை என்ஜின்தான் ஏரி என்று வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். என்ஜினை விட்டுப் போவது போக்குக் குழாய், என்ஜினுக்குத் திரும்புவது வரத்துக் குழாய். ஹீட்டர் எத்தனை இருந்தாலும் இது மாறாது.

மற்றவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஹோஸுக்கு நெகிழ்குழாய் நன்றாகவே இருக்கிறது. ஏர்லாக்குக்குக் காற்றடைப்பு, அதை நீக்குவதற்குக் காற்றெடுப்பு. ‘ஏர் எடு’ என்று பட்டறையில் ஏற்கெனவே சொல்வதுதான். வெப்பேந்தி புதிய சொல் என்பதால், முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கூலண்ட் எனப்படும் வெப்பேந்தி’ என்று எழுதலாம்.

இப்போது இரண்டு குழாய்களிலும், இரண்டு முனைகளிலும், மஞ்சள் பெயிண்டில் போக்கு, வரத்து என்று தம்பியே எழுதியிருக்கிறான். சனிக்கிழமை வெப்பக்காப்பு உறை சுற்றப்போகிறோம். உறைக்கு மேலும் அதையே எழுத வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.