தத்து ஆணைக்குக் காத்திருந்தபோது வந்த கிறிஸ்துமஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல் அம்மா:

2023 டிசம்பரில் எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம். எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆனால் காகிதத்தில் அவள் இன்னும் எங்கள் மகள் ஆகவில்லை. மனு குடும்ப நீதிமன்றத்தில் இருந்தது. அவளோ டிபெண்டன்ட் பாஸில், அதாவது வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தரும் தங்கும் அனுமதியில், இங்கே சிங்கப்பூரில் இருந்தாள். எங்கே பிறந்தாள், யாருக்குப் பிறந்தாள் என்பதெல்லாம் அவளுடைய கதை. பெரியவளானதும் அவளே சொல்லட்டும், நான் எழுதப்போவதில்லை. எங்கள் இருவர் சாயலும் அவளிடம் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது.

கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குப் பாளையங்கோட்டை. கல்யாணத்துக்குப் பிறகும், கொரோனா காலம் தவிர, எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போய்விடுவேன். விடியுமுன் எழுந்து, ஈரத்தலையோடு எங்கள் ஊர் ஊசிக்கோபுரத் தேவாலயத்து ஆராதனையில் நின்றால்தான் எனக்கு அது கிறிஸ்துமஸ். அந்த வருஷம் எங்கள் வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆணை கைக்கு வரும்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். சரி, நாம் போக முடியாவிட்டால் அவர்கள் வரட்டும் என்று அப்பா அம்மாவுக்கு விசா எடுத்தோம்.

இங்கேதான் ஒரு சிக்கல். வீட்டாய்வுக்கு வந்த சமூக சேவையாளர் ஜன்னல் கம்பி, எங்கள் சம்பளம், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவோம் என்பதுவரை எல்லாவற்றையும் விசாரித்தார். கடைசியில், "உங்கள் பெற்றோர் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார். கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் அப்பா போனில், "யாரு பெத்த பிள்ளையோ, யோசிச்சுச் செய்யுங்க" என்று சொன்னவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். பிடிக்காததைத் திட்ட மாட்டார், கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

சாங்கியில் வந்து இறங்கினார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும், மடித்து வைத்த காகித நட்சத்திரமும். அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டது விமான நிலையத்திலேயே. அப்பா தள்ளுவண்டியைத் தள்ளினார், பையைத் தூக்கினார், பால் புட்டியைக்கூடக் கழுவினார். பிள்ளையைத் தொடவில்லை. பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. "பாப்பா அழுது பாரு", அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்காத மாதிரி நடித்தேன். கவனிக்காத மாதிரி நடிப்பது எங்கள் குடும்பச் சொத்து.

கிறிஸ்துமஸ் காலையில் டோர்செட் ரோட்டில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போனோம். டிசம்பர் மழை. ஆராதனை முடிந்தும் யாரும் கிளம்ப முடியாமல் வாசலில் நின்றோம். அப்போது பச்சைப் பட்டுச் சேலை, தலையில் மல்லிகை, மூக்குத்தியோடு ஒரு பாட்டி அப்பாவின் பக்கம் வந்தார். முகத்தைப் பார்த்தால் அசல் சீனப் பாட்டி.

"தம்பி எந்த ஊரு?"

அப்பா திகைத்துப் போய், "பாளையங்கோட்டைங்க" என்றார்.

"நம்ம பக்கந்தானா! எங்கப்பாவுக்கு நாசரேத்து. இங்க நேவல் பேஸ்ல வேலை பாத்தாக. நான் ஊருக்கு ரெண்டே ரெண்டு தடவதான் போயிருக்கேன்."

அப்பா பேசவில்லை. பாட்டிக்கு அந்த மௌனம் பழக்கம்போல. சிரித்துக்கொண்டே அவராகவே சொன்னார். 1950இல் பிறந்தாராம். சீனர்களுக்கு அது புலி ஆண்டு. புலி ஆண்டில் பெண் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் அந்தக் காலத்தில் உண்டு, ஏழ்மையும் சேர்ந்துகொண்டது. இருபது நாள் குழந்தையைப் பிள்ளையில்லாத தமிழ் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அப்படித் தமிழ் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். தத்துச் சட்டம் இங்கே 1939இலேயே வந்துவிட்டது என்றாலும் பல வீடுகளில் அது வாய்ப்பேச்சோடு சரி.

"தத்துப் பத்திரமா? எங்கம்மா ஒரு ஆங்பாவ், சிவப்பு உறையில காசு, குடுத்தாங்க, அவங்க என்னயக் குடுத்தாங்க. அம்புட்டுதான் பத்திரம்" என்றார். அப்புறம் என் இடுப்பிலிருந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். அவள் யார், என்ன என்று கேட்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, "தாத்தா முந்திரிக்கொத்து கொண்டாந்தீகளா? எங்கம்மா போனதுக்கப்புறம் சரியான கொத்து நான் தின்னதே இல்ல" என்றார்.

அன்று மதியமே ஒரு டப்பாவில் கொத்தை அடுக்கிக்கொண்டு அப்பா என் கணவரோடு பாட்டி வீட்டுக்குப் போனார். எட்டு மணிக்குத்தான் திரும்பினார்கள். என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் அப்பாவின் பைபிள் திறந்திருக்கிறது. முன்பக்கத்து வெற்றுத்தாளில் தாத்தா காலத்திலிருந்து பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். என் பேருக்குக் கீழே இடம் காலி. "பிள்ளைக்கு முழுப்பேரு எப்படி எழுதணும்?" என்றார். சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதினார், பென்சிலால். "ஆர்டர் வரட்டும், அப்புறம் பேனாவால எழுதலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆள் வாத்தியார், விதிக்குக் கட்டுப்பட்டவர் என்று விட்டுவிட்டேன்.

2024 மே மாதம் ஆணை வந்தது. வழக்கறிஞரின் மின்னஞ்சலைப் படித்ததும் ஊருக்குத்தான் முதலில் போன் அடித்தேன். "அப்பா, இனிமே பேனாவால எழுதலாம்."

"அது ஜனவரியிலேயே எழுதியாச்சு" என்றார். "பென்சில் அழிஞ்சிரும்லா."

செங்காங் அப்பா:

எங்கள் கதை நேர்மாறு. நாங்கள் இங்கே வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள். இந்திய அரசின் தத்து ஆணையமான காரா வழியாகப் பதிவு செய்து, 2022 கிறிஸ்துமஸைத் திருச்சியில் ஒரு விடுதி அறையில் கழித்தோம்.

அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை போடும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. எங்கள் கோப்பு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்களுக்கே யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்போது தெளிவில்லை. லீவு தீர்ந்து, பிறகு சம்பளமில்லா லீவு.

மகளுக்கு நாலரை வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் வளர்ந்தவள். நாங்கள் இந்துக்கள், கார்த்திகை விளக்கோடு டிசம்பரை முடித்துவிடுகிறவர்கள். அவளுக்கோ டிசம்பர் என்றால் குடில். ஆணைக்கு முந்தைய பராமரிப்பில் எங்களோடு வந்த மூன்றாம் நாளே, "குடில் எங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் கடைவீதிக்குப் போய் சுரூபங்கள், வைக்கோல், கலர் பேப்பர் எல்லாம் வாங்கிவந்து, விடுதி மேசையில் செருப்பு டப்பாவைக் கவிழ்த்துக் குடில் கட்டினேன். மாதா, சூசையப்பர், மாடு, ஆடு எல்லாம் வைத்து, நடுவில் குழந்தை இயேசுவையும் வைத்தேன்.

பிள்ளைக்கு வந்ததே கோபம். "இப்பவே வைக்கக் கூடாது! இருபத்திநாலு ராத்திரிதான் வரும்!" என்று எடுத்து என் சட்டைப்பையில் போட்டுவிட்டாள். ஆறு நாள் அந்தச் சுரூபம் என் பையில்தான் இருந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனபோதும் கூடவே வந்தது. ராத்திரி தூங்கப் போகும்முன் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அந்த ஆறு நாளும் அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. 24ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டுக்கு அவளே எழுப்பினாள். "அப்பா, இப்ப வைங்க."

ஆணை, ஆட்சேபணையின்மைச் சான்று, பாஸ்போர்ட் எல்லாம் முடிந்து சிங்கப்பூர் திரும்ப மார்ச் ஆகிவிட்டது. அதோடு முடியாது. வந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் விடுமுறை நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். 25க்கும் புத்தாண்டுக்கும் நடுவில் எந்தக் கோப்பும் நகராது.

தேக்கா வாசி:

படிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இப்போதுதான் தொடங்குகிறோம். வீட்டாய்வு, டிபெண்டன்ட் பாஸ் முறை எல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறதா? அப்புறம், முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு எவ்வளவு போட வேண்டும்?

பொங்கோல் அம்மா:

நாங்கள் பழைய சட்டத்தில் செய்தோம். 2022இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது, அதனால் எங்கள் படிகளை அப்படியே பின்பற்றாதீர்கள். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் விளக்கக் கூட்டத்துக்கு முதலில் போங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே கிடையாது! வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், ஏலம். மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து அரிசி மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் திராட்சைதான் முந்திரி. உருண்டையை ஒரு நாள் காயவிட்டுப் பொரியுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் உடைந்துவிடும்.