புதுப்பிப்பு: பிள்ளைகளோடு கூடாரம் போட உபினா, ஈஸ்ட் கோஸ்ட்டா?

சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைகளோடு ஓர் இரவு கூடாரம் போட ஈஸ்ட் கோஸ்ட் பார்க் நல்லதா, புலாவ் உபின் தீவு நல்லதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

உபினுக்கே போனோம், ஜெலுத்தோங் முகாம். உபினில் இருக்கும் இன்னொரு முகாமைப் பற்றி, "மாமாம் வேண்டாம், மூட்டை முடிச்சோடு ரொம்ப தூரம்" என்று ஓர் அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. ஜெலுத்தோங்குக்கு உபின் படகுத்துறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

உபினுக்குப் படகு ஏறும் சாங்கி பாயிண்ட் துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். சனிக்கிழமை காலை என்பதால் சட்டென்று சேர்ந்துவிட்டார்கள். முகாமில் கிணற்றுத் தண்ணீர்தான், அதைக் குடிக்க முடியாது. குடிக்க, சமைக்க எல்லாம் நாமே தூக்கிப் போகணும் (முதுகு இன்னும் வலிக்கிறது). சாப்பாட்டை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி: ராத்திரி காட்டுப்பன்றி வந்து மோப்பம் பிடித்துவிட்டு வெறுமனே திரும்பியது. பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

யாரும் சொல்லாத ஒன்று: அங்கே கைப்பேசி தானாக மலேசிய நெட்வொர்க்குக்குத் தாவிவிடுகிறது. படகு ஏறுமுன் ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்தான் என்று முடிவு செய்பவர்களுக்கு: டி, ஜி பகுதிகளில் மட்டுமே கூடாரம் போடலாம், முன்கூட்டியே ஏஎக்ஸ்எஸ் கட்டணச் சேவை வழியாக அனுமதி எடுக்கணும்.