அம்மாவுக்குப் பேச்சுத்துணை: அபார்ட்மென்டில் யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

பள்ளிக்கரணைவாசி:
அப்பா போன பிறகு அம்மாவை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன். வயது 67. கொஞ்சம் சர்க்கரை, மற்றபடி திடமாகத்தான் இருக்கிறார். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. நானும் மனைவியும் எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். பையன் பள்ளி விட்டு நேராக டியூஷனுக்குப் போய்விடுவான்.

டிவி, மொபைல் எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாய்க்கால் எவ்வளவு தூர்வாரினார்களோ தெரியாது, மரத்தடியில் ஊர்க்கதை முழுக்க அலசிவிட்டுத்தான் வருவார்கள். கூலி இழுத்தடித்தாலும் வேலைக்குப் போவதை விடமாட்டார். உறைமோர் கேட்டு ஒருத்தி வருவாள், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா என்று இன்னொருத்தி. இங்கே லிஃப்டில் சிரிப்பதோடு சரி.

பொழுது போகாமல் கீழே கேட் பக்கம் உட்கார்ந்து வாட்ச்மேனிடம் பேச ஆரம்பித்தார். அவர் அசாம்காரர், பாதித் தமிழ்தான். "சாப்ட்டியாப்பா" என்று கேட்டு இரண்டு தோசை கொண்டுபோய்க் கொடுப்பார். அப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் "செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் வந்தது. பெயர் போடவில்லை, ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அம்மா கீழே இறங்குவதில்லை.

"ஊருக்கே போறேன்" என்கிறார். அங்கே தனி வீடு, ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் யார் பார்ப்பது? முதியோர் இல்லம் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

கீழ்க்கட்டளை அக்கா:
தம்பி, "வாங்க, பேசலாம்" என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும். நீங்கள் சொன்ன உறைமோர் அப்படி ஒரு சாக்குதான். அபார்ட்மென்டில் அந்தச் சாக்கையெல்லாம் டெலிவரிப் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் மாடியில் என் மாமியார் பக்கத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து மாவு அரைக்கிறார். அரிசி, உளுந்து, பாத்திரம் எல்லாம் அவரவர் கொண்டுவந்து தர வேண்டும். காசு கிடையாது. காசு வாங்கினால் கடை ஆகிவிடும், கடைக்கு வந்தவர்கள் உட்காரமாட்டார்கள். அரிசி கொடுக்க ஒரு தடவை வருகிறார்கள், மாவு எடுக்க ஒரு தடவை. போன வாரம் உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று ஒரு சண்டையே நடந்தது. சண்டை வந்தால் பழகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அம்மாவுக்கு ஒரே ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் போதும், பிரதோஷத்துக்கு வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலுக்கு அவர்களே போய் வந்துவிடுவார்கள்.

மஞ்சேரி நர்ஸ்:
நான் நாகர்கோவில். கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் பாலியேட்டிவ் கேரில், அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் சிரமத்தையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில், சில வருடம் இருந்தேன். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வேலை அது. 2000-ஐ ஒட்டி மலப்புறத்தில் அக்கம்பக்கத்து ஆட்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த யாரும் வாலன்டியர் ஆகலாம். 16 மணி நேரம் வகுப்பு, அப்புறம் நான்கு நாள் எங்களோடு வீடு வீடாக வர வேண்டும். ஆட்டோக்காரர், டீச்சர், டீக்கடைக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள்.

அது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கானது, உங்கள் அம்மாவுக்கு அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்களோடு வந்த ஒரு ஆட்டோக்காரர் ஒரு பாட்டி வீட்டுக்குள் நுழையும்போது "எப்படி இருக்கீங்க" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "பின்னால நிக்கிற பலா இந்த வருஷமும் ஏமாத்திருச்சா?" என்பார். பாட்டி கால் மணி நேரம் பலாவைத் திட்டுவார். அதற்குள் நான் புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்திருப்பேன். அவர் வருவது வியாழக்கிழமை என்று பாட்டிக்குத் தெரியும், புதன் ராத்திரியே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வாராம்.

உங்கள் பிளாக்கில் அம்மா மாதிரி தனியாக இருப்பவர்கள் கண்டிப்பாக நாலைந்து பேராவது இருப்பார்கள். கிழமை குறித்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனாலே போதும். "நேரம் கிடைத்தால் வருகிறேன்" என்பவர்களை நம்பாதீர்கள்.

உறையூர் தாத்தா:
எனக்கு 72, தனியாகத்தான் இருக்கிறேன். எல்லோரும் அம்மாவுக்கு வேலை தேடுகிறீர்கள், அவரிடம் கேட்டீர்களா? அறுவடை, பொங்கல் சமயத்தில் ஒரு மாதம் ஊரில் விட்டுவிடுங்கள். ராத்திரி துணைக்குப் படுக்க உறவில் ஒருத்தி கிடைக்காமலா போவாள்?

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் அது துக்கமா வேறு ஏதாவதா என்று பார்த்துவிட வேண்டும். 14416-ஐ எந்நேரமும் கூப்பிடலாம், மனநல ஆலோசனைக்கான அரசு எண். 14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

உங்கள் பையனையும் ஒரு கண் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையில் தனிமை அதிகம் என்று சொன்னவர்கள் கிழவர்கள் அல்ல, பதின்வயதுப் பிள்ளைகள்.

பள்ளிக்கரணைவாசி:
எல்லோருக்கும் நன்றி. மாவு விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்று சீறினார். ராத்திரி சாப்பிடும்போது அவரே, "எதிர்வீட்டுத் தெலுங்குப் பொண்ணு பாக்கெட் மாவுதான் வாங்குது, பார்த்தேன்" என்றார். தை மாதம் ஊருக்குப் போகவும் பேசியாயிற்று, சித்தி மகள் துணைக்கு வருகிறாள். வாட்ஸ்அப் மெசேஜ் பற்றி அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்கத்தான் போகிறேன்.

அக்கா, நாலு வீட்டுக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் போதுமா?

கீழ்க்கட்டளை அக்கா:
போதும், இரண்டு ஈடாகப் போட்டுக்கொள்ளலாம். சாய்க்கிற மாதிரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வயதில் கல்லைத் தூக்கினால் இடுப்பு போய்விடும்.