ஷெவர்ட்நாட்சேயின் கட்சி எங்கே போனது? படித்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதுகலை ஆய்வேட்டுக்காக ஜார்ஜியாவின் கட்சி அரசியலைப் படித்துவருகிறேன். காகசஸ் ஜார்ஜியா, அமெரிக்க மாநிலம் அல்ல; வீட்டில் இதை விளக்கியே களைத்துவிட்டேன். இப்போது ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஜார்ஜிய அதிபராக இருந்த ஷெவர்ட்நாட்சேயின் குடிமக்கள் ஒன்றியம் 1995, 1999 தேர்தல்களில் வென்ற கட்சி. 2001-இல் விரிசல் விட்டது. அதிலிருந்து வெளியேறியவர்களே, சாகாஷ்விலியும் ஷ்வானியாவும், எதிரணிக்குத் தலைமை தாங்கினார்கள். 2003 நவம்பர் 22 அன்று ஷெவர்ட்நாட்சே நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாகாஷ்விலி தேர்தல் முறைகேட்டை எதிர்த்துக் கையில் ரோஜாவுடன் நுழைந்தார். பாதுகாவலர்கள் பெரியவரை வெளியே கூட்டிப்போக, அவர் மிச்சம் வைத்த தேநீரைச் சாகாஷ்விலி எடுத்துக் குடித்தார். மறுநாள் ஷெவர்ட்நாட்சே பதவி விலகினார். பதவி போனதும் கட்சியும் உப்பாய்க் கரைந்துவிட்டது.

ஆனால் அடுத்து ஆட்சிக்கு வந்த சாகாஷ்விலியின் கட்சியான ஐக்கிய தேசிய இயக்கம் 2012-இல் கோடீஸ்வரர் இவானிஷ்விலியின் 'ஜார்ஜியக் கனவு' கூட்டணியிடம் தோற்ற பிறகும் முக்கிய எதிர்க்கட்சியாக நின்றது. ஏன் இந்த வேறுபாடு? முன்னது பதவிக்காகக் கூடிய அதிகாரிகளின் சத்திரம் என்பது என் ஊகம். ஊகத்தை வைத்து அத்தியாயம் எழுத முடியாதே!

மாவட்ட அளவில் இக்கட்சிகளின் கிளைகள் எப்படி இயங்கின, செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிய கட்டுரைகள் தெரிந்தால் சொல்லுங்கள். ரஷ்ய மொழியில் இருந்தாலும் சரி, படித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும். ஆட்சியில் இருப்பவர் தன் வசதிக்காக உருவாக்கும் இத்தகைய கட்சியைத் தமிழில் ஒரே சொல்லில் எப்படிக் குறிப்பது? 'ஆளுங்கட்சி' என்றால் பொருள் மாறிவிடுகிறது. அடுத்த வாரம் வரைவைக் கொடுத்தாக வேண்டும்.