உதடு உடைந்த ஆழ்கடல் நத்தை ஓடு: எந்தக் குடும்பம்?

மடிவலை:
தூத்துக்குடி ஆழ்கடல் இறால் மடியில கழிவோட வந்த ஓடுகள், சுமார் 300 மீட்டர் ஆழம். கதிர் வடிவம், 4–5 செ.மீ., அடியில நீளமான நேர்க்குழல், சுற்றின் நடுவுல மணி கோத்தாப்ல ஒரு வரம்பு. வாய் உதடு எல்லாத்துலயும் உடைஞ்சிருக்கு. ஃபியூசினஸ், கொலம்பேரியம்னு ரெண்டு பேரினம், டரிடேங்கிற குடும்பம், இந்த மூணுல எது? படத்தோட ஒப்பிட்டா எல்லாமே பொருந்துது.

ஆழிநத்தை:
நிறத்தையும் குழல் நீளத்தையும் ஒதுக்கிவையுங்கள். ஒரே மாதிரிக் குழல் பல குடும்பங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது. பார்க்க வேண்டியது உதட்டின் வெட்டு. உதடு உடைந்தாலும் பரவாயில்லை, வளர்ச்சிக்கோடுகளில் அதன் தடம் இருக்கும். பக்கவாட்டில் விளக்கை வைத்து, 10 மடங்கு லென்ஸில், மேல் பொருத்துக்கோட்டிலிருந்து (இரு சுற்றுகள் சேரும் கோடு) வரம்பு வரை கோடுகளைத் தொடருங்கள். வளையாமல் இறங்கினால் வெட்டு இல்லை: ஃபியூசினஸ், அல்லது வரம்பில் முள் இருந்தால் கொலம்பேரியம். பின்னோக்கி ‘ப’ போல மடிந்தால் கூம்புச்சங்கு உறவுக்கூட்டம். அந்த மடிப்பு மணிவரம்பின் மேலேயே விழுந்தால் ஜெம்முலா, டரிடே குடும்பம். பொருத்துக்கோட்டை ஒட்டியே விழுந்தால் அதே கூட்டத்தின் இன்னொரு குடும்பமான ரஃபிடோமிடேயைச் சந்தேகிக்கலாம்.

சங்குமுனை:
சந்தேகம் வந்தா உச்சியைப் பாருங்க, 40 மடங்கு வேணும். ரஃபிடோமிடேல மிதக்கும் லார்வா உள்ள இனங்களுக்குக் கருவோட்டில (உச்சியில ஒட்டியிருக்கிற குஞ்சுப்பருவ ஓடு) சாய்வுக் கட்டம் போட்ட வலை தெரியும். ஜெம்முலாவில கருவோட்டின் கடைசிச் சுற்றுகள்ல நெட்டு விலா. லார்வா மிதக்காத இனங்கள்ல கருவோடு ஒன்றிரண்டு சுற்றோட மழமழன்னு நின்னுடும், அங்க இந்தச் சோதனை பலிக்காது. கருவோட்டை மட்டும் வெச்சுப் பேரினம் பிரிச்ச பழைய பட்டியல்களை நம்பாதீங்க. 2011ல டிஎன்ஏவை வெச்சு இந்தக் கூம்புச்சங்குக் கூட்டத்தையே 15 குடும்பமா மாத்தி அடுக்கிட்டாங்க.

மடிவலை:
கோடுகள் வரம்புமேலயே மடியுது. உச்சிதான் எல்லாத்துலயும் அரிச்சுப்போச்சு. வினிகர்ல போட்டுச் சுத்தம் பண்ணலாமா?

ஆழிநத்தை:
வேண்டவே வேண்டாம். வினிகர் சுண்ணாம்பைக் கரைத்து, இருக்கிற கோடுகளையும் அழிக்கும். நல்ல தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும். உச்சிக்கு 1 செ.மீ. குட்டி ஓடுகளைத் தேடுங்கள், அவற்றில் அரிப்பு குறைவு. உள்ளே உயிர் இருந்தால் டிஎன்ஏ சோதனைக்காக 95% எத்தனாலில் போட்டுவையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும். மூடி வாயை அடைத்திருந்தால் எத்தனால் உள்ளே போகாது, கடைசிச் சுற்றில் சிறு துளை போடுங்கள்.

சங்குமுனை:
துறவி நண்டு குடியிருந்த ஓட்டுக்கு மட்டும் ஆழக் குறிப்பைத் தனியா எழுதுங்க. அது எங்கிருந்து தூக்கிட்டு வந்த ஓடோ!