தக்காளி மண்டி லேப்டாப்: விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போட 60 ஜிபி ஒதுக்கியும் 'அன்யூசபிள்' என்கிறது

பாலக்கோடு_கணக்கு:
வணக்கம். பாலக்கோட்டில் மாமா தக்காளி மண்டி வைத்திருக்கிறார். கணக்கு எழுதுவது நான். லேப்டாப் பழசு: ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது, அப்புறம் 10 ஏற்றினோம். 2025 அக்டோபர் 14-ஓடு 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்கு இந்த பிராசஸர் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. டாலி (கணக்கு மென்பொருள்) ஓட வேண்டும் என்பதால் விண்டோஸை எடுக்கவும் முடியாது. பேங்க் வேலை, மெயில் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம்) பக்கம் போய்விடலாம் என்று யோசனை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சவுண்ட் எல்லாம் வந்தது. விண்டோஸிலேயே சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலி செய்தேன். ஆனால் நிறுவும்போது 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற வாய்ப்பே வரவில்லை. கையால் பிரிக்கும் பக்கத்துக்குப் போனால் அந்த 60 ஜிபிக்கு நேரே 'அன்யூசபிள்' என்கிறது. பிளஸ் பட்டன் மங்கிக் கிடக்கிறது. காலியாக இருக்கும் இடம் எப்படிப் பயன்படாமல் போகும்?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
4 ஜிபிக்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். சினமன் பதிப்பு கனமானது, மெதுவாக இழுக்கும். அப்புறம் டிஸ்க்கை முழுசாக ஜிபிடிக்கு (புது வகைப் பகுதிப் பட்டியல்) மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பரிசல்துறை:
நைட்ஷிப்ட் தம்பி, அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 7 காலத்து மெஷின், பழைய பயாஸாகத்தான் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) இருக்கும். அதில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. மண்டிக் கணக்கோடு விளையாடாதீர்கள்.

பாலக்கோடு தம்பி, விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து எத்தனை பகுதி இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன பெயர், எவ்வளவு அளவு என்று இடமிருந்து வலமாக அப்படியே எழுதுங்கள். அதற்குள் அந்தக் காலி இடத்தில் புது வால்யூம் எதுவும் உருவாக்கிப் பார்க்காதீர்கள்.

பாலக்கோடு_கணக்கு:
அண்ணா, நேற்றே முயற்சி செய்துவிட்டேன். 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா' என்று கேட்டது. பயந்து 'நோ' கொடுத்தேன்.

சிஸ்டம் 199 எம்பி
சி 220 ஜிபி
காலி 60 ஜிபி
டி (ரெக்கவரி) 17 ஜிபி
டூல்ஸ் 103 எம்பி

பரிசல்துறை:
அந்த 'நோ'தான் உங்களைக் காப்பாற்றியது. 'எஸ்' கொடுத்திருந்தால், பகுதிகளை விண்டோஸ் தன் முறையில் பதிவு செய்யும் டைனமிக் வகையாகியிருக்கும், லினக்ஸ் நிறுவி அதைத் தொடாது, திரும்பக் கொண்டுவருவதும் பெரிய பாடு.

காரணம் இதுதான். எம்பிஆர் (பழைய வகைப் பகுதிப் பட்டியல்) டிஸ்க்கில் பிரைமரி பகுதி நான்குக்கு மேல் இருக்க முடியாது. உங்களுடையதில் நான்கும் நிரம்பிவிட்டது. வீட்டில் மனை இருக்கிறது, பட்டாவில் எழுத வரி இல்லை என்கிற மாதிரி. இடம் காலிதான், அதைப் பதிவு செய்யக் கட்டம் இல்லை.

டி-யில் இருப்பது விண்டோஸ் 7-ஐ வாங்கிய நிலைக்குக் கொண்டுபோகும் கோப்புகள். நீங்கள் 10-க்கு வந்தபின் அதனால் பயன் இல்லை. உள்ளே மாமாவின் போட்டோ ஏதும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். டாலி டேட்டாவையும் வேறு பென்டிரைவில் ஒரு நகல், முடிந்தால் இரண்டு. அப்புறம் டி-யை நீக்குங்கள். பக்கத்திலேயே இருப்பதால் 60-உம் 17-உம் சேர்ந்து ஒரே காலி இடமாகும். மின்ட் நிறுவியில் அதைத் தேர்ந்து பிளஸ் அழுத்தி, வகை கேட்கும்போது 'லாஜிக்கல்' என்று கொடுங்கள். நான்காவது கட்டத்தில் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல பகுதிகளை வைக்கும் பெட்டி மாதிரி) ஒன்றை அதுவே உருவாக்கி அதற்குள் வைத்துக்கொள்ளும். கோப்பு முறை இஎக்ஸ்டி4, மவுண்ட் பாயின்ட் (அந்தப் பகுதி லினக்ஸில் எங்கே தெரியும் என்பது) வெறும் சாய்கோடு (/). ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) தனிப் பகுதி வேண்டாம், கோப்பாக அதுவே வைத்துக்கொள்ளும். பூட்லோடர் (தொடக்கத்தில் எந்த இயங்குதளம் என்று கேட்பது) எங்கே என்றால், பெயரின் கடைசியில் எண் இல்லாத முழு டிஸ்க்.

விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஷட்டவுன் செய்தாலும் சி டிரைவ் பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும், லினக்ஸிலிருந்து எழுத விடாது.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

பாலக்கோடு_கணக்கு:
பத்து நிமிடம்.

பரிசல்துறை:
அப்படியென்றால் யுபிஎஸ் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பார்ட்டிஷன் எழுதும்போது கரண்ட் போனால் நானும் கையை விரித்துவிடுவேன்.

மாங்கனித்தோப்பு:
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கொசுறு. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பூட் ஆகும்போது இரண்டு பெயர் வரும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸ் மேல் எண்டர் தட்டுவோம். இரட்டை பூட் நம் ஊருக்குப் புதிது இல்லை.

பாலக்கோடு_கணக்கு:
முடிந்தது அண்ணா! தெரிந்த டிடிபி கடையில் யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்தேன். டி-யைத் திறந்தால் அத்தை வளைகாப்புப் படங்கள் இருந்தன, நல்லவேளை. எக்ஸ்எஃப்சிஇ நன்றாக ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துவிட்டேன்.

ஆனால் புதுத் தலைவலி. காலை 4 மணிக்கு லோடு வந்தது. மண்டியில் லினக்ஸில் மெயில் பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போய் பில் போட்டேன். பில்லில் நேற்றைய தேதி! கடிகாரம் இரவு 10:30 என்கிறது. மாமா கத்துகிறார்.

பரிசல்துறை:
சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதிவைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. மதியத்தில் நடந்திருந்தால் தேதி மாறியிருக்காது, விடிகாலை என்பதால் தேதியே முந்தின நாளுக்குப் போய்விட்டது. உள்ளூர் நேரத்தையே அந்தக் கடிகாரத்தில் வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல டெர்மினலில் ஒரே வரி போதும். படமாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் போட்ட பில்களைத் தேதி பார்த்துத் திருத்திவிடுங்கள்.

பாலக்கோடு_கணக்கு:
போட்டேன். இன்று இரண்டு பக்கமும் 4:20 காட்டியது. நன்றி அண்ணா.

இன்னும் ஒன்று. மாமா சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்குப் போகிறார், வந்து பார்த்தால் மின்ட் வந்து நிற்கிறதாம். விண்டோஸ் தானாக வரச் செய்ய முடியுமா?

பரிசல்துறை:
முடியும். கிரப் (அந்த பூட்லோடரின் பெயர்) அமைப்புக் கோப்பில் 'கடைசியாகத் தேர்ந்ததையே எடு' என்று இரண்டு வரி மாற்றி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். மாமா விண்டோஸில் இருந்துவிட்டுப் போனால் மறுமுறை அதுவே வரும். நீங்கள் ராத்திரி லினக்ஸ் பார்த்தால்தான் சிக்கல். மூடுவதற்கு முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸைத் தேர்ந்து, அங்கிருந்து ஷட்டவுன் செய்துவிடுங்கள்.